தனியாக என்றால் மூன்று பேர்

1

என் கதையைக் கேட்க யாரும் வராததால் எனக்குக் கிடைத்த கதை இது.

வெளிநாட்டு விருந்தினர்கள் முன்னால் ஒரு சிறுகதை வாசிக்கும்படி என்னை அழைத்திருந்தார்கள். நான் நம் மொழியில் வாசிக்க, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அவர்கள் மொழியில் சொல்லிக்கொண்டே வருவார் என்று ஏற்பாடு. போய்ப் பார்த்தால் மண்டபத்தில் நாற்காலிகள் இருந்தன, தண்ணீர் பாட்டில்கள் இருந்தன, ஆட்களைத்தான் காணோம். அன்று காலை எங்கோ ஒரு தேசத்தில் ஆட்சி கவிழ்ந்துவிட்டதாம். விருந்தினர்கள் அத்தனை பேரும் அவரவர் அலுவலகத்துக்கு ஓடிவிட்டார்கள். ஏற்பாட்டாளர் போனைக் காதில் வைத்தபடி வந்து, "கொஞ்சம் பொறுத்துப் பாப்போங்க, ரெண்டு பேராவது வருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான், அப்புறம் அவரும் வரவில்லை.

மேடையில் இரண்டு நாற்காலி, ஒரு மைக். ஒரு நாற்காலியில் நான். மற்றதில் மொழிபெயர்க்க வந்த அம்மாள். மாலை வரைக்கும் இருக்க வேண்டும் என்பது அவருக்கு உத்தரவு. மொழிபெயர்க்க எதுவும் இல்லாததால் அவர் தன் பேச்சைப் பேசினார். மண்டபக் காவலாளி மின்விசிறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தத் தொடங்கியபோது பேச்சை நிறுத்தினார். எழுதுங்கள் என்றும் சொல்லவில்லை, எழுதாதீர்கள் என்றும் சொல்லவில்லை.

அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். [எதையெல்லாம் மாற்றினேன் என்று சொல்லிவிட்டால் மாற்றியதற்கே அர்த்தமில்லை.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[உள்நாட்டு அரசியலை வெளிநாட்டுச் சக்திகள் தீர்மானிக்கின்றனவா, அல்லது உள்நாட்டு நெருக்கடிகளே வெளியுறவை வடிவமைக்கின்றனவா என்ற கேள்வி நெடுங்காலமாகவே அறிஞர்களை—]

எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது. 'நெடுங்காலமாகவே' என்ற சொல்லைக் கண்டதும் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள் என்று தெரியும். வாக்கியத்தைக் கைவிட்டேன். கேள்வியைக் கைவிட முடியவில்லை.

அடுத்து:

[பணிமனை வாசலில் டயர்கள் எரிந்துகொண்டிருந்தன. கரும்புகை எழுந்து—]

இது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் புகையைப் படமெடுத்து இரண்டு நாட்டுப் பத்திரிகைகள் ஏற்கெனவே முதல் பக்கத்தில் போட்டுவிட்டன. அதை வைத்து இரண்டு நாட்டு அரசியல்வாதிகள் தங்கள் காரியத்தை முடித்துக்கொண்டார்கள். மூன்றாவது ஆளாக நானும் அந்தப் புகையில் குளிர் காயக் கூச்சமாக இருந்தது.

அதனால் அவளிடமிருந்தே தொடங்குகிறேன்.

(மேலே 'அவர்' என்றேன், இப்போது 'அவள்' ஆகிவிட்டாள். நேரில் 'நீங்க' என்று பேசியவர் கதைக்குள் கால் வைத்ததும் மரியாதை இறங்கிவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் ஓர் அமைச்சர் வருவார். அவரை மட்டும் 'அவர்' என்றே எழுதப்போகிறேன், கவனித்துக்கொள்ளுங்கள். நம் மொழியில் ஒருவருக்கு எவ்வளவு மரியாதை என்று முடிவு செய்யாமல் ஒரு வரி எழுத முடியாது. அவளை 'அவள்' என்பது நெருக்கத்தால் என்று சொல்லிக்கொள்கிறேன். அது எவ்வளவு தூரம் உண்மை என்று எனக்கே தெரியவில்லை.)

3

ஐம்பதைத் தாண்டியவள். இரண்டாம் மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு. வேலைக்கென்று வெளிநாடு போன கணவர் அந்த நாட்டுக்காரராகவே ஆகிவிட்டார். சண்டை இல்லை, வழக்கு இல்லை. போன் பேச்சு மாதத்துக்கு ஒன்றாகி, பிறந்தநாளுக்கு ஒன்றாகி, பிறகு நின்றுபோனது. பிள்ளைகள் இல்லை. உறவென்று சொல்லிக்கொள்ள ஓர் அண்ணன்.

அண்ணன் அரசுப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். தொழிற்சங்கத்தின் கிளைச் செயலாளர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு பணிமனையே வீடு மாதிரி அவனுக்கு. தங்கைக்கு 'துபாஷி' என்று பேர் வைத்தவன் அவன்தான். அந்தக் காலத்தில் கப்பலில் வந்தவனுக்கும் ஊர்க்காரனுக்கும் நடுவில் நின்று பேசிக்கொடுத்தவர்களுக்கு அந்தப் பேர்.

"என்ன துபாஷி, இன்னைக்கு யாரு வாயி நீ?" என்பான் போனில்.

"விவசாயத்துறை."

"அப்ப பொய்யெல்லாம் பச்சைப்பசேல்னு இருந்திருக்குமே."

அவள் சிரிப்பாள். உள்ளே என்ன நடந்தது என்று அவன் கேட்டதே கிடையாது. கேட்கக்கூடாது என்று அவனுக்குத் தெரியும். அவள் கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தவள்: அறைக்குள் கேட்டது அறையோடு சரி. மீறினால் சிறை.

அவள் வேலையில் ஒரு விதி உண்டு. பேசுகிறவர் 'நான்' என்றால் இவளும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று தள்ளி நிற்கக்கூடாது. 'நான் இந்தத் தொழிற்சாலையைத் திறந்து வைக்கிறேன்' என்பாள். 'நான் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறேன்' என்பாள். நாள் முழுக்க அடுத்தவருடைய நானைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், தன்னுடையதைச் சொல்லிக் கேட்க அங்கே ஆள் இல்லை. சில நாள் வீட்டுக்குள் வந்ததும் டிவியைப் போட்டுவிட்டு, அதில் யார் என்ன பேசினாலும் முணுமுணுவென்று மொழிபெயர்த்துக்கொண்டே பாத்திரம் கழுவுவாளாம்.

4

அந்த வருஷம் வர்த்தக ஒப்பந்தப் பேச்சு வந்தது. நாம் தைத்து அனுப்பும் துணிமணிகளை வரியில்லாமல் எடுத்துக்கொள்ள ஒரு வெளிநாடு தயார். பதிலுக்கு நம் அரசுப் பேருந்துப் பணிமனைகளை அவர்கள் ஊர்க் கம்பெனிகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். விஷயம் இவ்வளவுதான். செய்தி வெளியே கசிந்ததும் பணிமனைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தலைநகர்ப் பணிமனையின் வாசலை மறித்து உட்கார்ந்தவர்களில் முன்வரிசையில் இருந்தவன் அவள் அண்ணன்.

பேச்சுவார்த்தைக்கு அவள்தான் வேண்டும் என்று போக்குவரத்து அமைச்சர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

[அமைச்சர் தொந்தியைத் தடவிக்கொண்டு, மோதிரங்கள் மின்ன—]

இல்லை. அப்படி எழுதினால் எனக்கும் உங்களுக்கும் சௌகரியம். அவள் சொன்ன மனிதர் ஒல்லியானவர், குரல் எழுப்பாதவர், வெந்நீர் மட்டும் குடிப்பவர். முதல் நாள் அவளுக்குப் போட்டிருந்த ஸ்டூலைப் பார்த்துவிட்டு, "நாள் முழுக்க இதுல உக்காந்தா முதுகு என்னத்துக்கு ஆகும்? அம்மாவுக்கு நல்ல நாற்காலியாப் போடுங்கப்பா" என்றார். அமைச்சர்களிலேயே அவள் முதுகைப் பற்றி முதலில் கவலைப்பட்டவர் அவர்தான்.

எதிர்ப்பக்கம் வெளிநாட்டுக் குழுவின் தலைவர். உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுவார். அவருக்கும் ஊரில் தேர்தல் வருகிறது.

மேஜைக்கு இரண்டு பக்கமும் ஒரே பேச்சு. "எங்க ஜனங்க இதை ஒத்துக்க மாட்டாங்க" என்றார் அமைச்சர். 'எங்கள் நாடாளுமன்றம் இதை ஏற்காது' என்றார் குழுத்தலைவர். இரண்டு பேரும் அடுத்தவனைப் பார்த்துப் பயப்படவில்லை, தன் வீட்டைக் காட்டி அடுத்தவனைப் பயமுறுத்தினார்கள். வீட்டில் சூலாயுதத்தோடு ஒருத்தி காத்திருக்கிறாள், அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று இரண்டு கணவன்மார் கடைக்காரனிடம் பேரம் பேசுவது போல. கடைக்காரனும் கணவன்தான் என்பது மட்டும்தான் இதில் சிக்கல்.

(இந்த உவமை சரியில்லை. ஆனால் கட்டுரையில் பத்து பக்கம் எழுத வேண்டியதை இது கொஞ்சம் சொல்லிவிடுவதால் விட்டுவைக்கிறேன்.)

அவளுக்கு அந்த நாட்களில் ஒரு தொல்லை இருந்தது. குழுத்தலைவரின் மொழியில் 'நாம்' என்பதற்கும் 'நாங்கள்' என்பதற்கும் ஒரே சொல். அவர் அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் இவள் தீர்மானிக்க வேண்டும்: எதிரே இருப்பவரையும் சேர்த்துச் சொல்கிறாரா, சேர்க்காமலா? யோசிக்க நேரம் கிடையாது. அவர் வாக்கியம் முடிவதற்குள் இவள் வாக்கியம் பாதி வந்திருக்கும். பேச்சு தொடங்கிய வாரத்தில் எல்லாமே 'நாங்கள்'தான்.

5

மூன்றாவது வாரம் குழுத்தலைவர் எழுந்து கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, 'தனியாகக் கொஞ்சம் பேசலாமா?' என்றார். அதிகாரிகள் வெளியே போனார்கள். குழுவின் மொழிபெயர்ப்பாளரும் வெளியே போனார். ஆள் குறைந்தால் நல்லது என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். பக்கத்து அறையில் ஒரு சோபா, ஒரு ஜன்னல். அமைச்சர் உட்கார்ந்தார், குழுத்தலைவர் உட்கார்ந்தார், அவள் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் தனியாகப் பேசினார்கள். தனியாக என்றால் மூன்று பேர்.

"வேலைநிறுத்தம் உங்களுக்குத் தலைவலியாக இருக்குமே" என்று குழுத்தலைவர் தொடங்கியதை அவள் சொன்னாள்.

அமைச்சர் வெந்நீரை ஊதிக்கொண்டே சிரித்தார். "தலைவலியா? அதுதானே என் கையில இருக்கிற சீட்டு. அவங்க தெருவுல உக்காந்திருக்கிற வரைக்கும்தான் நீங்க என்கிட்ட இறங்கி வர்றீங்க."

அதை அவள் மாற்றிச் சொன்னதும் குழுத்தலைவரும் சிரித்தார். அவர் பதிலை இவள் வாய் சொல்லிற்று: "எனக்கும் அது தேவைப்படுகிறது. எங்கள் ஊரில் இன்னும் கேள், இன்னும் கேள் என்று நெருக்குகிறார்கள். உங்கள் தெரு கொதிக்கிற படத்தைக் காட்டினால், கிடைத்தவரை லாபம் என்று வாயை மூடுவார்கள். நமக்கு இந்த வேலைநிறுத்தம் வேண்டும்."

'நமக்கு.' சொல்லி முடித்த பிறகுதான் அவள் காதில் விழுந்தது. இரண்டு நொடியில் அவளே தேர்ந்தெடுத்த சொல். சரியான சொல். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தப்பாக இருந்திருக்கும்.

மீதி சீக்கிரம் முடிந்தது. வெளியூர்ப் பணிமனைகள் அரசிடமே இருக்கட்டும். தலைநகர்ப் பணிமனை மட்டும் போகட்டும். எல்லாவற்றையும் கேட்டார்கள், முக்கால்வாசியை நான் காப்பாற்றினேன் என்று இவர் ஊரில் சொல்லிக்கொள்வார். தலைநகரையே வாங்கிவிட்டேன் என்று அவர் ஊரில் சொல்லிக்கொள்வார். அடுத்த வாரம் வியாழக்கிழமை கையெழுத்து.

"ஆனால் கையெழுத்துக்குப் பிறகும் தெரு அடங்காவிட்டால், உங்கள் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று எங்கள் ஊரில் கேட்பார்கள்" என்றாள் அவள், குழுத்தலைவராக.

அமைச்சர் ஜன்னலைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை வாசலைக் காலி பண்ணிடுவோம். பகல்லதான். ராத்திரி பண்ணினா திருட்டுத்தனம்னு சொல்லுவாங்க. பகல்னா சட்டம் ஒழுங்கு."

அவள் அதையும் சொன்னாள். 'நாங்கள் காலி செய்துவிடுவோம்' என்று அந்த மொழியில், முதலாம் ஆளில், நல்ல உச்சரிப்போடு.

(இந்த இடத்தில் எனக்கொரு சபலம் வந்தது. ஒரு சொல்லை அவள் வேண்டுமென்றே மாற்றிச் சொல்வதாகவும், அதனால் ஒப்பந்தமே குலைவதாகவும் ஒரு பிரதி எழுதினேன். விறுவிறுப்பாக வந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை என்பதை அவள் வேறு என்னவாக மாற்றியிருக்க முடியும்? சனிக்கிழமை என்றா? வேலையை ஒழுங்காகச் செய்பவள், அன்றும் ஒழுங்காகச் செய்தாள். அந்தப் பிரதியைக் கிழித்துவிட்டேன்.)

வெளியே வரும்போது அமைச்சர் அவளிடம், "முதுகு இப்ப பரவாயில்லையாம்மா?" என்று கேட்டார்.

6

மறுநாள் பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு பணிமனைக்குப் போனாள். பேருந்து இருக்கைகளைக் கழற்றி வாசலில் போட்டு ஆட்கள் சாய்ந்திருந்தார்கள். துவைத்த சட்டைகள் ஜன்னல் கம்பிகளில் காய்ந்தன. அண்ணனின் கூட்டாளி ஒருவன், ஓட்டுநர், 'ஹாரன்' என்று பட்டப்பேர்; குரல் அப்படி. "வாங்க வாங்க, பேச்சு எப்படிப் போயிட்டிருக்கு?" என்றான் வாசலுக்கே கேட்கும்படி.

"அவகிட்டக் கேக்காதடா. அது அவ வேலை" என்றான் அண்ணன்.

இரண்டு பேரும் நின்றிருந்த பேருந்துகளுக்கு நடுவே நடந்தார்கள். அவன் ஒவ்வொரு பேருந்தையும் தட்டிக்கொண்டே வந்தான்.

"இது எவ்வளவு நாளைக்கு அண்ணா?"

"அவங்க இறங்கி வர்ற வரைக்கும்."

"வந்துட்டாங்கன்னா?"

"வேலைக்குப் போவோம். வேற என்ன?" நின்றான். "நேத்து டிவியில அமைச்சர் பேசினதப் பாத்தியா? என் தொழிலாளி தெருவுல கெடக்கறான், அவனைத் தாண்டிப்போய் நான் கையெழுத்துப் போட மாட்டேன்னாரு. அந்த ஆளு பரவாயில்ல. வெளிநாட்டுக்காரன் கழுத்தைப் புடிக்கிறான், மனுஷன் தாக்குப்புடிக்கிறாரு. அவருக்குப் பின்னால நாங்க இருக்கோம்னு அவருக்குத் தெரியணும் இல்ல?"

இங்கே அவள் என்ன உணர்ந்தாள் என்று ஒரு பத்தி எழுத வேண்டும். [நெஞ்சில் ஏதோ— அவள் தொண்டையில்— ] அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணன் சொன்னது உண்மைதாங்க. இவங்க பின்னால இருக்காங்கன்னு அமைச்சருக்கு நல்லாவே தெரியும். அதுல ஒரு வார்த்தைகூடத் தப்பில்ல. நான் எதைத் திருத்தறது?"

"நீ ஒரு நாள் வீட்டுப் பக்கம் வாயேன்" என்றாள் அண்ணனிடம். "அடுத்த வெள்ளிக்கிழமை மாதிரி."

"இதை விட்டுட்டா? முடியட்டும், வர்றேன்."

டீயை ஆட்கள் பங்கிட்டுக் குடித்தார்கள். காலி பிளாஸ்கோடு திரும்பினாள்.

7

வியாழக்கிழமை கையெழுத்தானது. சாயங்காலம் அவள் அண்ணனுக்குப் போன் செய்து, தனக்குக் கடுமையான காய்ச்சல் என்றும் எழுந்து நடக்க முடியவில்லை என்றும் சொன்னாள்.

காலையில் வந்துவிட்டான். கையில் ரொட்டி, பால் பாக்கெட், மாத்திரை. போர்வைக்குள் கிடந்தவளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான்.

"சுடலையே."

"மாத்திரை போட்டேன். இறங்கியிருக்கு."

"வேலைன்னு ஒடம்பைக் கெடுத்துக்காத. ஊர்ல எல்லார் வாயும் நீயேவா பேசணும்?"

பாலைக் காய்ச்சிக் கொடுத்தான். ரொட்டியைத் தோசைக்கல்லில் போட்டுக் கருக்கிவிட்டு, கருகியதைத் தானே தின்றான். சமையலறைக் குழாய் ஒழுகுவதைக் கண்டுபிடித்துச் சரி செய்தான். தான் இல்லாத நேரத்தில் கையெழுத்தைப் பற்றிப் பேச ஆட்கள் கூடியிருப்பார்கள், மத்தியானம் போய்விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தவன், பல நாள் தூக்கமில்லாதவன், அப்படியே தூங்கிப்போனான்.

அவள் போர்வைக்குள்ளிருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. குறட்டை. அந்த வீட்டில் இன்னொருவர் மூச்சு விடும் சத்தம் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன.

"அந்த நேரத்துல நான் சந்தோஷமா இருந்தேங்க" என்றார் அந்த அம்மாள், காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு. இதற்கு நான் எதுவும் சேர்க்கவில்லை.

அவன் போன் அடித்தது. எழுந்து காதில் வைத்தான். கேட்டுக்கொண்டே இருந்தான். எதிர்முனையின் இரைச்சலும் கத்தலும் அவள் படுக்கை வரைக்கும் கேட்டன. பிறகு அவளைத் திரும்பிப் பார்த்தான். "நீ படுத்துக்க" என்றான். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே படியிறங்கினான்.

8

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விவரமாக எழுதினால் அது மறுபடியும் அந்தப் புகைப்படமாகிவிடும். போலீஸ் வந்தது. தடியடி. யாரோ டயரைக் கொளுத்தினார்கள். ஹாரன் ஓடும்போது விழுந்தான், அவன் கால்மேல் ஒரு வண்டி ஏறியது. இனி அவன் பேருந்து ஓட்ட முடியாது. செயலாளர் எங்கே என்று ஆட்கள் தேடியிருக்கிறார்கள். இருந்தால் ஓடுவதா உட்காருவதா என்று சொல்லியிருப்பான். அவன் இல்லை.

அமைச்சர் தேர்தலில் ஜெயித்தார். தனியாக நின்று வெளிநாட்டைச் சமாளித்தவர் என்று சுவரொட்டி. குழுத்தலைவரின் கட்சியும் அங்கே ஜெயித்தது. வெளியூர்ப் பணிமனைகள் தப்பித்தன. அங்கே இன்றும் அரசு வண்டிதான் ஓடுகிறது, அந்த ஆட்கள் பென்ஷனோடு ஓய்வு பெறுவார்கள். துணி தைக்கும் பெண்களுக்கு வேலை கூடியது. இதையெல்லாம் மறைத்துவிட்டு எழுதினால் கதை இன்னும் கூர்மையாக இருக்கும். மறைக்க எனக்கு மனசில்லை. தலைநகர்ப் பணிமனை போனது. அண்ணனுக்கும் வேலை போனது.

வேலை போனதைவிட மற்றதுதான் பெரிது. சங்கத்தில் யாரும் அவனைத் துரோகி என்று சொல்லவில்லை. அவன் உள்ளே வந்தால் பேச்சு நின்றது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் ஹாரன் மட்டும் நேராகக் கேட்டான், அந்தக் குரலை மிகவும் தணித்து:

"உன் தங்கச்சிக்குச் சரியா அன்னைக்குத்தான் காய்ச்சல் வந்துச்சா?"

அதுவரை அண்ணனுக்கு அப்படியொரு சந்தேகம் வந்திருக்கவில்லை. வந்திருக்காது என்றுதான் அவள் நம்புகிறாள்.

எனக்கு வேறொரு சந்தேகம். மண்டபத்திலேயே கேட்டேன்: "உங்க அண்ணன் யாருன்னு அமைச்சருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருக்கும்."

"அப்ப தெரிஞ்சேதான் உங்களைக் கேட்டு வாங்கினாரா? உங்க காதுல விழணும்னே அந்தத் தேதியைச் சொன்னாரா? தலைவன் இல்லாத கூட்டம் சீக்கிரம் கலையும்னு?"

அம்மாள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தார், குடிக்காமல் மூடினார். "அதை நான் யோசிக்க ஆரம்பிச்சேன். முழுசா யோசிச்சு முடிக்கலீங்க."

9

அண்ணன் ஒரு மத்தியானம் அவள் வீட்டுக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாண்ணா."

"ஒண்ணு கேக்கணும்."

"உக்காந்து கேளேன்."

உட்கார்ந்தான், நாற்காலியின் நுனியில். துபாஷி என்று கூப்பிடவில்லை. மேல்மாடியில் யாரோ எதையோ இழுக்கும் சத்தம். அந்த அறையில் என்ன பேசினார்கள் என்று கேட்பான், தேதி உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று கேட்பான் என்று அவள் நினைத்தாள். அதற்கெல்லாம் அவளிடம் ஒரு பதில் தயாராக இருந்தது: சொல்லக்கூடாது அண்ணா, உறுதிமொழி. அது பொய்யும் இல்லை.

அவன் அதைக் கேட்கவில்லை. அந்த நேரத்திலும் அவள் வேலையைப் பற்றி அவன் கேட்கவில்லை. அவன் கேட்டது:

"உனக்கு அன்னைக்குக் காய்ச்சல் இருந்துச்சா, இல்லையா?"

10

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று நான் கேட்டேன். அப்போதுதான் காவலாளி மின்விசிறிகளை நிறுத்தத் தொடங்கினார். அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஆகவே இனி வருவது என் கற்பனை.

(அ) [“இருந்துச்சு” என்றாள். அவன் தலையாட்டினான். ஆஸ்பத்திரிக்குப் போய், இருந்துச்சுடா, நானே பாத்தேன் என்றான். ஹாரன் நம்பவில்லை. ஆனால் அண்ணனால் அவன் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடிந்தது.]

இதில் எல்லாரும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் அவன் கை அவள் நெற்றியைத் தொட்ட கை. 'சுடலையே' என்று சொன்னவன் அவன்தான். இந்தப் பொய்யை அவன் நம்ப வேண்டுமென்றால், தன் கையை நம்பாமல் இருக்க வேண்டும்.

(ஆ) [“இல்ல” என்றாள். அவன் நீண்ட நேரம்—]

நீண்ட நேரம் என்ன? உண்மை தெரிந்ததும் ஒன்று அவன் அதை வெளியே சொல்ல வேண்டும். அவள் சிறைக்குப் போவாள். அல்லது மறைக்க வேண்டும். அப்போது மற்றவர்கள் அவனைப் பற்றி நினைப்பது பாதி உண்மையாகிவிடும். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அண்ணனை இந்த மூலையில் நிறுத்த அவளுக்கு மனம் வருமா?

(இ) [அவள் பேசவில்லை. பேசாமலிருந்ததே அவனுக்குப் பதிலாக—]

இதைத்தான் முதலில் வைத்திருந்தேன். மௌனத்தில் முடிப்பது எழுதுகிறவனுக்கு எப்போதும் சௌகரியம். நாலு பேர் ஆழமாக இருக்கிறது என்பார்கள். அவளுக்கு அதனால் என்ன?

மூன்றையும் திரும்பப் படித்தபோது ஒன்று உறைத்தது. ஒவ்வொன்றிலும் அண்ணன் இன்னும் கொஞ்சம் நொறுங்கினால் கதைக்கு நல்லது என்று ஒரு கணக்கு என்னிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த சோபாவில் இரண்டு பேர் உட்கார்ந்து, அவன் இன்னும் ஒரு வாரம் தெருவில் கிடந்தால் நல்லது என்று நினைத்தது போல. அதற்கப்புறம் எனக்கு எழுதக் கை வரவில்லை.

எனவே முடிவு என்னிடம் இல்லை. உங்களிடம் கொடுக்கிறேன். இந்த இருவரையும் நீங்கள் பார்த்ததில்லை, இவர்கள் துன்பத்தால் உங்களுக்கு லாபமும் இல்லை. அந்த வகையில் என்னைவிட நீங்கள் மேல். அவள் வாயைத் திறக்கிறாள். இருந்துச்சு, இல்ல, இரண்டே சொல்தான்.

அவசரம் வேண்டாம். அண்ணன் நாற்காலி நுனியில் காத்துக்கொண்டிருக்கிறான். இங்கிருந்து எழுந்து போக அவனுக்கு இப்போது ஒரு இடமும் இல்லை.